காசின் விலையா, கதையா?

நம் அந்தமான் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் இன்று கைப்பேசியிலேயே காணொளி தயாரிக்கிறார்கள். என் அண்ணன் மகன் பழங்கிரேக்கக் காசு சேகரிப்பைப் பற்றிப் பேசி இணையத்தில் வெளியிடுகிறான். மகிழ்ச்சிதான். ஆனால் ஏதென்ஸ் நகரின் ஆந்தைக் காசை விரிவாக விளக்கியவனுக்கு, நம் கரூரிலும் கிரேக்கக் காசுகள் கிடைத்த செய்தி தெரியவில்லை!

அவற்றைத் தேடிச் சேகரித்து ஆராய்ந்தவர், ‘தினமலர்’ ஆசிரியராக இருந்து 2021-இல் மறைந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. கரூரில் கிடைத்த அயல்நாட்டுக் காசுகளுக்கென்றே 2000-இல் ஒரு நூல் வெளியிட்டார். கிடைத்த ஊரைப் பதிவு செய்ததால்தான் அவை யவனரோடு தமிழர் கொண்ட தொடர்புக்குச் சான்றாயின. ஊர் தெரியாத காசு பாதி ஊமை.

இன்றைய காணொளிகள் பலவும் “இக்காசு இருந்தால் நீங்கள் இலட்சாதிபதி” என்றே ஆசை காட்டுகின்றன. பழங்காசு வாங்குவதாகத் தன் பெயரில் மோசடி நடப்பதாக ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்தது. மண்ணில் கண்டெடுத்த புதையலை ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். இதையெல்லாம் யார் சொல்வது?

பிள்ளைகளே, காணொளி போடுங்கள், தமிழிலேயே பேசுங்கள். விலையைச் சொல்லுமுன், காசு எங்கே கிடைத்தது என்பதைச் சொல்லுங்கள். கடல் கடந்து வந்து வாழும் நமக்கு, கடல் கடந்து வந்த காசின் கதை அந்நியமானதல்ல.