கால்குலேட்டர் ஜெயித்தது, வெப்பப் படம் தோற்றது: ஜேம்ஸ் ஃபெர்கசன் கண்டுபிடிப்புகள் சொல்வது என்ன?

கடைக்காரர் தட்டும் கால்குலேட்டரில் தெரியும் கறுப்பு எண்கள் ஒரு பக்கம். குழந்தையின் நெற்றியில் வைத்தால் நிறம் மாறிக் காய்ச்சலைக் காட்டும் மெல்லிய பட்டை இன்னொரு பக்கம். இரண்டுக்கும் உள்ளே இருப்பது ஒரே வகைப் பொருள்தான்: லிக்விட் கிரிஸ்டல் எனப்படும் திரவப் படிகம். இரண்டுக்கும் பின்னால் ஒரே மனிதரின் உழைப்பும் இருக்கிறது. அவர் பெயர் ஜேம்ஸ் ஃபெர்கசன்.

அமெரிக்காவில் மட்டும் 130-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் வைத்திருந்தவர். ஆனாலும் எடிசன் மாதிரி பள்ளிக்கூடப் புத்தகத்துக்குள் வராத ஆள். அவர் கை வைத்த இரண்டு பெரிய துறைகளில் ஒன்று, உடலின் வெப்பத்தைப் படமாக்கி நோயைக் கண்டுபிடிப்பது. மற்றொன்று, எண்களையும் எழுத்துகளையும் காட்டும் மின்னணுத் திரை. திரை உலகத்தையே பிடித்துக்கொண்டது. வெப்பப் படம், அதன்மேல் பெரிய நம்பிக்கை வைக்கப்பட்ட மார்பகப் புற்றுநோய் விஷயத்தில், தோற்றுப்போனது.

பழைய கதைதானே என்று விட்டுவிடலாம். ஆனால் தோற்ற அந்த முறை இன்றைக்கும் 'வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை' என்ற விளம்பரத்தோடு பெண்களிடம் விற்கப்படுகிறது. அதனால்தான் இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

திரவமா, படிகமா?

1888-ல் ஃபிரெடரிக் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர், கொலஸ்ட்ராலில் இருந்து கிடைத்த ஒரு பொருளைச் சூடாக்கிப் பார்த்தார். அது 145 டிகிரி செல்சியஸ் தாண்டியதும் உருகிக் கலங்கலாக நின்றது. 178 டிகிரி தாண்டிய பிறகுதான் தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலையா? இடைப்பட்ட அந்தக் கலங்கல் நிலையில் பொருள் தண்ணீர் போல ஓடியது. அதேசமயம், படிகத்தில் இருப்பதுபோல மூலக்கூறுகள் ஒழுங்காக வரிசைகட்டி நின்றன. அதுதான் திரவப் படிகம். அடுத்த 70 ஆண்டுகளுக்கு அதை வைத்து என்ன செய்வது என்று தொழில் உலகத்தில் யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

மிசௌரி மாநிலத்தின் வகெண்டா என்ற சிற்றூரில் 1934-ல் பிறந்தவர் ஃபெர்கசன். படித்தது இயற்பியல். பிட்ஸ்பர்க்கில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர், கொலஸ்ட்ரால் வகைத் திரவப் படிகங்களைக் கையில் எடுத்தார். இந்த வகையில் மூலக்கூறுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வோர் அடுக்கும் கீழடுக்கை விடக் கொஞ்சம் திரும்பியிருக்கும், சுழல் படிக்கட்டு மாதிரி. இந்தச் சுழலின் நீளம் எவ்வளவு என்பதைப் பொறுத்து அது எந்த நிறத்தைத் திருப்பி அனுப்பும் என்பது அமையும். சூடு ஏற ஏறச் சுழல் இறுகும். நிறம் சிவப்பில் இருந்து பச்சைக்கும் பிறகு நீலத்துக்கும் போகும். கலவையைப் பக்குவமாகச் சேர்த்தால் ஒரு டிகிரிக்கும் குறைவான வித்தியாசம்கூடக் கண்ணுக்குத் தெரியும். பேட்டரி வேண்டாம், கம்பி வேண்டாம், பார்த்தாலே போதும்.

இதை வைத்து வெப்பத்தைப் படமாக்கும் கருவிக்கு ஃபெர்கசனும் சக ஆய்வாளர்கள் இருவரும் காப்புரிமை கேட்டார்கள். 1963 டிசம்பரில் அது கிடைத்தது. பின்னாளில் வந்த நெற்றிப் பட்டை, மீன்தொட்டி வெப்பமானி, 1970-களில் அமெரிக்க இளைஞர்கள் 'மனநிலையைக் காட்டும்' என்று நம்பி மாட்டிக்கொண்ட மோதிரம் எல்லாம் இந்த வம்சம்தான். (மோதிரம் காட்டியது மனநிலையை அல்ல, விரலின் சூட்டை. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.)

மார்பகத்தின் மேல் வண்ணப் படம்

மருத்துவர்களுக்கு இந்த விஷயம் உடனே பிடித்துப்போனது. தோலில் கறுப்புச் சாயம் பூசி, அதன்மேல் திரவப் படிகத்தைத் தடவினால், அடியில் ஓடும் ரத்தக்குழாய்கள் வண்ணக் கோடுகளாகத் தெரிந்தன. இதே காலத்தில் அகச்சிவப்புக் கேமராக்களும் உடலின் வெப்பத்தைப் படம்பிடிக்க ஆரம்பித்திருந்தன. கருவி வேறு, ஆனால் எண்ணம் ஒன்று: வளரும் புற்றுக்கட்டிக்கு ரத்தம் அதிகம் வேண்டும், ரத்தம் அதிகம் பாய்ந்தால் சூடு அதிகம், சூடு இருந்தால் மேல்தோலில் தெரியும்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. சிக்கல், நடுவில் இருக்கும் அந்தச் சங்கிலியில். ஆழத்தில் இருக்கும் கட்டியின் சூடு மேலே வந்து சேராமலே போகலாம். சின்னதாக, மெதுவாக வளரும் கட்டி பெரிதாகச் சூடு கிளப்பாது; கண்டுபிடித்தால் உயிரைக் காப்பாற்றக்கூடிய கட்டிகளில் பலவும் அப்படிப்பட்டவைதான். மறுபக்கம், நோய்த்தொற்று, மாதவிடாய்ச் சுழற்சி, அறையின் வெப்பம் என்று புற்றுநோய்க்குச் சம்பந்தமே இல்லாத காரணங்களாலும் தோல் சூடாகும். ஆக, இருப்பதைத் தவறவிடும்; இல்லாததைக் காட்டிப் பயமுறுத்தும்.

இதைச் சோதித்துப் பார்க்க வாய்ப்பும் வந்தது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் தேசியப் புற்றுநோய் நிறுவனமும் 1973-ல் ஒரு பெரிய திட்டத்தைத் தொடங்கின. 2,80,000-க்கும் அதிகமான பெண்கள் அதில் சேர்ந்தார்கள். கையால் பரிசோதனை, மேமோகிராம் எனும் எக்ஸ்ரே, வெப்பப் படம் மூன்றும் செய்யப்பட்டன. வெப்பப் படம் பாதிப் புற்றுநோய்களைக்கூடப் பிடிக்கவில்லை. திட்டம் முடியும் முன்பே அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

கருவி பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம். தோலின் சூட்டை அது சரியாகவே காட்டியது. கேட்ட கேள்விதான் வேறு. 'இங்கே தோல் எவ்வளவு சூடு?' என்பதற்குப் பதில் சொல்லும் பொருளிடம் போய், 'உள்ளே புற்று இருக்கா?' என்று கேட்டால் அது என்ன செய்யும்?

தொண்ணூறு டிகிரி திருப்பம்

ஃபெர்கசன் 1966-ல் ஓஹியோவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இருந்த திரவப் படிக ஆய்வு நிறுவனத்துக்குப் போனார். 1968-ல் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் ஜார்ஜ் ஹைல்மையர் குழு திரவப் படிகத் திரையை உலகுக்குக் காட்டியிருந்தது. ஆனால் அந்த வகைத் திரைக்கு மின்சாரம் அதிகம் வேண்டும், காட்சி மங்கல், ஆயுளும் குறைவு. ஃபெர்கசன் 1970-ல் இலிக்ஸ்கோ என்ற சொந்த நிறுவனம் தொடங்கி, வேறு வழியில் போனார்.

அந்த வழி இதுதான். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மிக மெல்லிய திரவப் படிகப் படலம். மேல் தகடு அருகே மூலக்கூறுகள் ஒரு திசை பார்க்கும்; கீழ்த் தகடு அருகே அதற்குச் செங்குத்தாக. இடையில் இருப்பவை கொஞ்சம் கொஞ்சமாக 90 டிகிரி திரும்பியபடி நிற்கும். உள்ளே வரும் ஒளியும் அவற்றோடு சேர்ந்து திரும்பும். இருபுறமும் ஒட்டிய வடிகட்டித் தாள்களைத் தாண்டி வெளியே போய்விடும். துளி மின்னழுத்தம் கொடுத்தால் மூலக்கூறுகள் திருகலை விட்டு நிமிர்ந்துவிடும். ஒளிக்கு வழி அடைபடும், அந்த இடம் கறுப்பாகும். அவ்வளவுதான். ஏழு சின்னக் கோடுகளை இப்படிக் கறுப்பாக்கத் தெரிந்தால் 0 முதல் 9 வரை எல்லா எண்ணும் வந்துவிடும். திரை தானாக ஒளி உமிழ வேண்டியதில்லை என்பதால் ஒரு சின்ன பேட்டரி மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் தாங்கும்.

யார் முதலில் என்பதில் மட்டும் தகராறு. சுவிட்சர்லாந்தின் ஹாஃப்மான்-லா ரோஷ் நிறுவனத்தில் மார்ட்டின் ஷாட், வொல்ஃப்காங் ஹெல்ஃப்ரிச் இருவரும் இதே யோசனைக்கு 1970 டிசம்பரில் விண்ணப்பித்திருந்தார்கள். ஃபெர்கசனின் அமெரிக்க விண்ணப்பம் 1971 ஏப்ரலில்தான். ஆனால் யோசனை தன்னிடம் முன்பே இருந்தது என்றார் ஃபெர்கசன். 1973-ல் அமெரிக்கக் காப்புரிமையும் அவருக்குக் கிடைத்தது. கடைசியில் ரோஷ் அதை விலைக்கு வாங்கிக்கொண்டது. உலகத்தின் கால்குலேட்டர் திரைக்கான உரிமை ஒரு மருந்து கம்பெனியின் கையில் போய்ச் சேர்ந்தது வேடிக்கைதான். 2008-ல் ஐ.இ.இ.இ. அமைப்பு தன் நிஷிசாவா பதக்கத்தை மூன்று பேருக்கும் சேர்த்தே கொடுத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஃபெர்கசன் காலமானார்.

கைக்கடிகாரத்தில் தொடங்கிய இந்தத் திரை, கடைத்தெருவை வளைத்துப் போட்டது. கால்குலேட்டர், பில் போடும் இயந்திரம், எடை போடும் தராசு, பெட்ரோல் பங்க். 1990-களில் ஐரோப்பிய சூப்பர் மார்க்கெட்டுகளில் அலமாரி விளிம்பில் விலை காட்டும் மின்னணுச் சீட்டு வந்தது. அலமாரியில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை என்ற வாடிக்கையாளர் சண்டைக்கு அது ஒரு தீர்வு. இன்று அந்தச் சீட்டுகளில் பெரும்பாலும் மின்தாள் எனும் வேறு நுட்பம் வந்துவிட்டது. 2,300 கடைகளில் மின்னணு விலைச்சீட்டு வைக்கப்போவதாக வால்மார்ட் 2024-ல் அறிவித்தது. 1980-களில் ஃபெர்கசன் உருவாக்கிய இன்னொரு நுட்பத்தின் வாரிசுகள் கடைகளின் கண்ணாடியிலேயே இருக்கின்றன: பட்டனைத் தட்டினால் பால் நிறத்தில் இருந்து தெளிவாக மாறும் கண்ணாடி.

திரை ஏன் ஜெயித்தது? கடையில் அதனிடம் கேட்கும் கேள்வி ரொம்ப எளிது: இந்தக் கோடு கறுப்பா, இல்லையா? தப்பாகக் காட்டினால் அங்கேயே, அந்த நிமிஷமே தெரிந்துவிடும். வாடிக்கையாளர் சும்மா விடமாட்டார். வெப்பப் படம் தப்பாகச் சொன்னால் அந்தப் பெண்ணுக்குத் தெரிய இரண்டு வருஷம் ஆகலாம். அதற்குள் கட்டி வளர்ந்திருக்கும்.

சுற்றி வந்த வழி

மருத்துவப் படத்துறைக்குத் திரவப் படிகத்தால் நன்மையே இல்லையா என்றால், உண்டு. அது வேறு வாசல் வழியாக வந்தது. திரைகள் பெரிதானபோது, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு குட்டி டிரான்சிஸ்டர் தேவைப்பட்டது. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் ஸ்பியரும் பீட்டர் லீகோம்பரும் படிக ஒழுங்கில்லாத சிலிக்கானில் அத்தகைய டிரான்சிஸ்டர் செய்யலாம் என்று 1979-ல் காட்டினார்கள். எல்.சி.டி. தொழிற்சாலைகள் அதைப் பெரிய கண்ணாடித் தகட்டில் பரப்பக் கற்றுக்கொண்டன. அதே வகைத் தகட்டைத் திருப்பிப் போட்டால், படம் காட்டுவதற்குப் பதில் படம் பிடிக்கலாம். எக்ஸ்ரேயை ஒளியாக்கும் ஒரு பூச்சு, அந்த ஒளியை மின்சாரமாக்கும் உணரி, புள்ளிக்கு ஒரு டிரான்சிஸ்டர். இப்படிப்பட்ட தகடு வைத்த ஜி.இ. நிறுவனத்தின் டிஜிட்டல் மேமோகிராம் கருவிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2000-ல் அனுமதி கொடுத்தது.

அனுமதியோடு நிற்கவில்லை. பல நிறுவனங்களின் டிஜிட்டல் கருவிகளைப் பழைய பிலிம் முறையோடு ஒப்பிடும் ஆய்வில் 49,528 பெண்கள் பதிவு செய்யப்பட்டார்கள். 2005-ல் முடிவு வந்தது: மொத்தத்தில் இரண்டும் கிட்டத்தட்ட சமம்; 50 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பவர்களுக்கும் டிஜிட்டல் மேல். புதிய கருவிக்கு வைக்க வேண்டிய சோதனை இதுதான்.

வெப்பப் படம் இந்தப் படியை இன்னும் ஏறவில்லை. மேமோகிராமுக்குப் பதிலாக தெர்மோகிராபி செய்துகொள்ள வேண்டாம் என்று எஃப்.டி.ஏ. 2011-ல் எச்சரித்தது, விற்பனை நிற்காததால் 2019-ல் மறுபடியும் எச்சரித்தது. அந்த நாட்டில் இந்தக் கருவிகளுக்கு உள்ள அனுமதி, மேமோகிராம் போன்ற முதன்மைப் பரிசோதனையோடு துணையாகச் செய்வதற்கு மட்டும். இந்தியாவிலும் வெப்பப் படத்தோடு செயற்கை நுண்ணறிவைச் சேர்த்து, முகாம்களில் மார்பகப் பரிசோதனை நடக்கிறது. மேமோகிராம் வசதி எட்டாத ஊர்களுக்கு ஏதாவது ஒன்று வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. மென்பொருள் பழைய குறையைச் சரிசெய்துவிட்டது என்றும் சொல்லப்படலாம். சொல்பவர்தான் அதைப் பெரிய அளவில், பல்லாயிரம் பெண்களிடம், மேமோகிராமோடு பக்கத்தில் வைத்து நிரூபிக்க வேண்டும். ஏன்னா, தோலில் வந்து சேராத சூட்டை எந்த மென்பொருளாலும் படிக்க முடியாது.

முகாமுக்குப் போகிறவர்கள் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: படத்தில் ஏதாவது தெரிந்தால் அடுத்து எங்கே, என்ன பரிசோதனை? அதற்குத் தெளிவான பதில் இல்லாத முகாமில் அந்தப் படத்தால் பெரிய பயன் இல்லை. மார்பில் கட்டி தட்டுப்பட்டாலோ, தோல் உள்ளிழுத்துக்கொண்டாலோ, காம்பில் ரத்தம் கசிந்தாலோ, வெப்பப் படத்தில் 'ஒன்றுமில்லை' என்று வந்திருந்தாலும் மருத்துவரிடம் போய்க் காட்டிவிட வேண்டும்.