ஃபயர்வாலை அணைக்கச் சொல்பவர்கள்

விபிஎன் வேலை செய்யவில்லை என்று யாரிடம் சொன்னாலும் ஒரே மருந்துதான் கிடைக்கிறது. "ஃபயர்வாலை ஆஃப் பண்ணுங்க சார். ஆன்டிவைரஸை எடுத்துடுங்க. அப்பவும் வரலைன்னா ஃபார்மேட் பண்ணிடலாம்." காய்ச்சலா, கால் சுளுக்கா என்று கேட்காமல் வந்தவர்க்கெல்லாம் ஒரே ஊசி போடும் வைத்தியரிடம் நாம் மறுபடி போகமாட்டோம். கணினி விஷயத்தில் மட்டும் காபி கொடுத்து, கூலியும் கொடுத்து அனுப்புகிறோம். இது தப்பு என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

நம் புதுவையில் பிரான்சில் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் எத்தனையோ. என் மகன் துலூஸில் இருக்கிறான். குடும்பத்தின் பழைய பிறப்பு, திருமணப் பதிவுகள், போட்டோக்கள் எல்லாம் அவன் வீட்டுச் சேமிப்புப் பெட்டியில் இருக்கின்றன. அதை இங்கிருந்து திறக்கத்தான் விபிஎன். இணையத்தின் ஊடாக இரண்டு வீட்டுக்கும் நடுவில் போட்ட தனிச் சுரங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் 'இணைக்கப்பட்டது' என்று திரையில் வந்தது, ஆனால் ஒரு கோப்பும் திறக்கவில்லை. வந்த தம்பி மேலே சொன்ன மந்திரத்தைச் சொல்லி, பாதுகாப்பையெல்லாம் அணைத்து, ஃபார்மேட்டுக்கு நாள் குறித்துவிட்டு, எண்ணூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். "எப்போதிலிருந்து வரவில்லை? அதற்கு முன் என்ன மாறியது?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாறியது ஒன்றே ஒன்று. அந்த வாரம் என் வீட்டு இணையப் பெட்டியை மாற்றியிருந்தார்கள். அதை மகனிடம் போனில் சொன்னேன். இருவரும் எண்களை ஒப்பிட்டோம். புதிய பெட்டி என் வீட்டுக் கருவிகளுக்கு 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுத்திருந்தது. அவன் வீட்டிலும் அதே 192.168.1. ஊருக்கு ஊர் காந்தி வீதி உண்டு. ஊர்ப் பெயர் போடாமல் 'காந்தி வீதி, 10' என்று எழுதினால் தபால்காரர் உள்ளூர்க் காந்தி வீதிக்குத்தான் போவார். என் கணினியும் துலூஸ் பெட்டியை என் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தது. மகன் தன் பக்கத்தை 192.168.50 என்று மாற்றினான். வேலை முடிந்தது. ஃபயர்வாலுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இணைப்பே கிடைக்காதபோது விண்டோஸ் ஒரு எண்ணைக் காட்டும். அதைக் குறித்துக்கொள்ளாமல் பெட்டியை மூடுவது, அலுவலகத்தில் கோப்பின் கடைசிக் குறிப்பைப் படிக்காமல் உத்தரவு போடுவதற்குச் சமம். 868 என்றால் எதிர்முனையின் பெயருக்கு உரிய முகவரியே கிடைக்கவில்லை. 809 என்றால் எதிர்முனையிலிருந்து பதில் வரவில்லை. வழியில் ஏதோ மறிக்கிறது. 691 என்றால் கதவு வரை போயாயிற்று, பெயரோ கடவுச்சொல்லோ அனுமதி முறையோ ஏற்கப்படவில்லை. மூன்றும் மூன்று இடத்துக் கோளாறு. ஃபயர்வாலைச் சந்தேகிக்க முதலில் இடம் தருவது நடுவில் உள்ளது மட்டுமே.

கோளாறு நம் வீட்டிலேயே இல்லாமலும் இருக்கலாம். 2022 ஜனவரி 11 அன்று வந்த விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு எல்டூடிபி வகை விபிஎன் பலருக்கு நின்றுபோனது. 17ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் தனியாக ஒரு திருத்தம் வெளியிட்டது. அந்த இடைவெளியில் ஃபார்மேட் செய்திருந்தால் என்ன லாபம்? அதே புதுப்பிப்பு மறுபடி வந்து உட்கார்ந்திருக்கும்.

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குத் தெகார்த் எழுதி 1637இல் வெளிவந்த 'முறை பற்றிய உரை'யைச் சொல்லிக்கொடுத்தார்கள். சிக்கலைக் கூறுகூறாகப் பிரி, எளிதானதிலிருந்து தொடங்கு என்பது அதன் சாரம். இங்கேயும் அதேதான். விபிஎன் இல்லாமல் இணையம் வருகிறதா? கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் விபிஎன் வருகிறதா? அதில் வந்தால் உங்கள் கணினி பெரும்பாலும் நிரபராதி. வீட்டு இணையப் பெட்டியையும் இணைப்பையும் பாருங்கள். பத்து நிமிட வேலை, பைசா செலவில்லை.

"சில சமயம் ஃபயர்வால்தானே மறிக்கிறது?" என்பார்கள். உண்மைதான். அப்படிச் சந்தேகம் இருந்தால் ஒரு நிமிடம் அணைத்துப் பார்த்து, உடனே திரும்பப் போடட்டும். அதுதான் காரணம் என்று தெரிந்தால் விபிஎன்னுக்கு மட்டும் வழிவிடட்டும். அணைத்தபடியே விட்டுப்போவது, சாவி திரும்பவில்லை என்பதற்காகக் கதவையே கழற்றி வைத்துவிட்டுப் போவது போல. நம்மில் பலர் பென்ஷன் கணக்கைப் பார்ப்பதும் அதே கணினியில்தான். பணம் போனால் அந்தத் தம்பி வந்து நிற்கமாட்டார்.

வயதானவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்ற நினைப்பில்தான் இது நடக்கிறது. ஆகவே அடுத்த முறை யாராவது உங்கள் கணினியில் கை வைக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். பிழை எண் என்ன? கடைசியாக என்ன மாறியது? எதை அணைக்கப் போகிறீர்கள், எப்போது திரும்பப் போடுவீர்கள்? மூன்றுக்கும் பதிலை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவருக்குக் காபி கொடுங்கள், கணினியைக் கொடுக்காதீர்கள்.