செபமும் வேண்டும், நேரமும் வேண்டும்

தேர்வு என்பது மாணவியருக்கு மட்டுமே உரியது என்று நாங்கள் வெகுநாள் எண்ணியிருந்தோம். கேள்வித்தாளைக் கொடுப்பவர் ஆசிரியை. அதைக் கண்டு கை நடுங்குகிறவர்கள் நாங்கள். உலக நியதியே இதுதான் என்றிருந்த எங்களுக்கு, 2025-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வேறொரு காட்சியைக் காட்டியது. எங்களில் சிலருடைய வீட்டில் அம்மா, சிலருடைய வீட்டில் அக்கா, சிலருடைய வீட்டில் சித்தி, ஹால் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். நவம்பர் 15, சனிக்கிழமை முதல் தாள். 16, ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் தாள். அதுவே ஆசிரியர் தகுதித் தேர்வு.

இந்தத் தேர்வைப் பற்றி அறியாத தோழியருக்காகச் சில வார்த்தைகள். வண்டி ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, அதற்கு உரிமமும் வேண்டும் அல்லவா? அதைப் போலவே, பட்டம் பெற்றவரெல்லாம் தொழிலில் இறங்கிவிட முடியாது. வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்புகிறவர் 300 மதிப்பெண்ணுக்கு 150 எடுத்தால்தான் இங்கே மருத்துவராகப் பதிவு பெற வழியுண்டு. சட்டம் படித்தவருக்கும் 2011 முதல் அகில இந்திய பார் தேர்வு உண்டு. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குப் பாடம் நடத்துகிறவர் தகுதித் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்ட் 23-ல் அறிவித்தது. தமிழகத்தில் முதல் தேர்வு 2012-ல் நடந்தது.

அப்போதெல்லாம் இது புதிதாக வேலைக்கு வருகிறவர்களின் கவலையாக இருந்தது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. முன்பே பணியில் சேர்ந்தவர்களும், ஓய்வு பெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் இத்தேர்வில் தேற வேண்டும். இல்லையேல் பணியை விட வேண்டும் என்பது அதன் சாரம். ஐந்து ஆண்டுகளுக்குக் குறைவாக இருப்பவர் பணியில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கேட்க முடியாது. நம் பள்ளியைப் போன்ற சிறுபான்மைப் பள்ளிகளின் நிலை என்ன என்ற கேள்வியைப் பெரிய அமர்வு ஆராய வேண்டும் என்றும் அதே தீர்ப்பு கூறியது. பதினைந்து, இருபது ஆண்டுகள் கரும்பலகை முன் நின்றவர்கள், தாங்களும் மாணவியராக மாறிய கதை இதுதான்.

அந்த நாட்களில் பெரம்பலூரிலிருந்து அரியலூர் செல்லும் காலைப் பேருந்தில் ஏறியவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். ஜன்னல் ஓரத்தில் ஓர் ஆசிரியை. மடியில் சாப்பாட்டுக் கூடை. கூடையின் மேல் குழந்தை உளவியல் குறிப்புப் புத்தகம். சுண்ணாம்புக் கல் ஏற்றிய லாரிகள் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு போகும். அவர் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறு கையால் பக்கத்தைப் புரட்டுவார். பாவம், அவருக்கு அந்த முக்கால் மணி நேரந்தான் சொந்தம். வீட்டில் அடுப்பு, பள்ளியில் வகுப்பு, மாலையில் நோட்டுத் திருத்தம், இரவில் மறுபடியும் அடுப்பு.

இப்படிப்பட்டவர்களைப் பார்த்து நாம் எல்லோரும் இரண்டு ஆறுதல்களைச் சொல்லுகிறோம். ஒன்று, “செபியுங்கள், எல்லாம் நல்லபடி நடக்கும்.” மற்றொன்று, “கவலைப்படாதீர்கள், நாங்கள் இருக்கிறோம்.” இரண்டும் நல்ல வார்த்தைகளே. ஆனால், சொல்லுகிற நாம் அவற்றின் பொருளை எண்ணிப் பார்க்கிறோமா என்பதே எங்கள் கேள்வி.

முதலில் செபத்தை எடுத்துக்கொள்வோம். தேர்வு எழுதுகிறவர்களுக்குப் பாதுகாவலராகத் திருச்சபையில் போற்றப்படுகிறவர் புனித குப்பெர்தினோ சூசையப்பர். 1603-ல் இத்தாலியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். படிப்பு அவருக்கு ஏறவே இல்லை. குருத்துவப் பட்டத்துக்கு முந்தின தேர்வில், அவர் நன்றாக அறிந்திருந்த ஒரே நற்செய்திப் பகுதியைப் பற்றியே ஆயர் கேட்டார் என்று அவருடைய வரலாறு சொல்லுகிறது. இதைக் கேட்டு மகிழ்ந்துவிட்டு, “நமக்கும் அப்படியே ஆகும்” என்று புத்தகத்தை மூடிவிடுகிற தோழியர் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வோம். அந்த ஒரு பகுதியை அவர் படித்து வைத்திருந்தார்! ஒன்றும் படியாதவருக்கு எந்தக் கேள்வி வந்தால்தான் என்ன?

நம் அரியலூர் மண்ணில் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவின் திருத்தலத்தை எழுப்பிய வீரமாமுனிவர் நமக்கு இன்னும் நல்ல முன்மாதிரி. தமிழ் ஓரெழுத்தும் அறியாமல், முப்பது வயதில் இந்நாட்டுக்கு வந்தவர். அவரும் செபித்தவர்தாம், ஆனால் செபித்துவிட்டு ஓலைச்சுவடியைக் கையில் எடுத்தவர். 1732-ல் சதுரகராதியைத் தந்தார் என்றால் எத்தனை இரவுகள் விழித்திருக்க வேண்டும்! அவர் எழுதிய பரமார்த்த குருவின் கதையில், பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி விலை கொடுத்து வாங்கிய சீடர்களை அறிவோம். படிக்காமல் வெற்றியைக் கேட்கும் செபமும் அத்தகையதே. பூசணிக்காயை எத்தனை நாள் அடைகாத்தாலும் குதிரைக்குட்டி வராது.

அப்படியானால் செபத்தால் பயன் இல்லையா? உண்டு. ஐயமே வேண்டாம். பயத்தால் படபடக்கும் நெஞ்சைச் செபம் அமர்த்துகிறது. “நீ தனியாக இல்லை” என்கிறது. தேறினாலும் தவறினாலும் இறைவன் முன் நம் மதிப்பு குறையாது என்று உணர்த்துகிறது. இரண்டாம் தாள் ஞாயிறன்று வந்ததால் பூசையைத் தவற விடுவோமே என்று கலங்கியவர்கள் இருந்தார்கள். சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கு கொண்டாலே ஞாயிறு கடன் நிறைவேறும் என்று திருச்சபை தாயைப் போல வழி வைத்திருக்கிறது. அமைதியாகச் சென்று எழுதலாம். செபம் தருவது மனத்திடம். விடைகளைத் தருவது படிப்பு. ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கேட்கக் கூடாது.

இனி, “நாங்கள் இருக்கிறோம்” என்னும் குடும்பத்தின் வார்த்தைக்கு வருவோம்.

2012 ஜூலை 12-ல் நடந்த முதல் தேர்வில் 150 கேள்விகளுக்கு ஒன்றரை மணி நேரமே கொடுத்தார்கள். 90 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். தேறியவர் 2,448 பேரே. நாடே திகைத்தது. தேறாதவர்களுக்கு அதே ஆண்டு அக்டோபர் 14-ல் மறுபடியும் தேர்வு நடந்தது. இம்முறை மூன்று மணி நேரம். தேறியவர் ஏறத்தாழ 19,000 பேர். மூன்று மாதத்தில் இவர்கள் எல்லோரும் மேதைகளாகி விட்டார்களா? இடையில் கொஞ்சம் கூடப் படித்திருப்பார்கள், முதல் தேர்வின் அனுபவமும் உதவியிருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரிந்த பெரிய மாற்றம் ஒன்றுதான். நேரம் இரட்டிப்பாயிற்று.

தேர்வு அறைக்குள் நேரத்தை வாரியம் தரும். தேர்வுக்கு முந்திய ஆறு மாதத்தில் நேரத்தைத் தர வேண்டியவர் யார்? வீட்டில் உள்ளவர்கள் அல்லவா?

பெத்தானியாவில் சேசுநாதர் மார்த்தாவின் வீட்டுக்கு வந்த நிகழ்ச்சியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். மரியா அவர் பாதத்தருகே அமர்ந்து கேட்டாள்; மார்த்தா பணிவிடையில் தவித்தாள். மரியா நல்ல பங்கைத் தேர்ந்துகொண்டாள் என்றார் ஆண்டவர். அந்த வீட்டில் சகோதரிகள் இருவர் இருந்தனர். நம் வீடுகளில் மார்த்தாவும் மரியாவும் ஒரே பெண்தானே! அடுப்பில் குழம்பு கொதிக்க, கையில் கரண்டியும் காலடியில் புத்தகமுமாக அவள் எப்படி நல்ல பங்கைத் தேர்ந்துகொள்வாள்? மரியா அமர வேண்டுமானால் மார்த்தாவின் கரண்டியை வேறொருவர் வாங்கிக்கொள்ள வேண்டும்.

“எங்கள் காலத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டே படிக்கவில்லையா?” என்று பாட்டிமார் கேட்கலாம். படித்தீர்கள், பாட்டி; வணங்குகிறோம். பெரம்பலூர்ச் சின்ன வெங்காயம் உரித்த கையாலேயே மகளைப் படிக்க வைத்த தாய்மாரை நாங்கள் அறிவோம். ஆயினும், பட்ட பாட்டைப் பிள்ளைகளும் பட வேண்டும் என்று எந்தத் தாய் விரும்புவாள்?

எனவே, தேர்வுக்குப் படிக்கிறவர் இருக்கும் வீட்டுக்கு நாங்கள் சில யோசனைகளைச் சொல்லத் துணிகிறோம். மாலையில் இரண்டு மணி நேரம் ஓர் அறைக் கதவு அவருக்காகச் சாத்தப்படட்டும். அந்த நேரத்தில் அப்பா உலை வைக்கட்டும். மகன் பாத்திரம் துலக்கட்டும். இதில் ஆண் பெண் பேதம் வேண்டாம். தொலைக்காட்சி மௌன விரதம் இருக்கட்டும். பள்ளிப் பிள்ளைகளாகிய நாங்கள் கேள்வி கேட்டு விடையைச் சரிபார்க்கலாம். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை உள்ள எங்கள் பாடப் புத்தகங்கள் அவர்களுக்கும் பாடந்தானே! இரவு செபமாலையில் குடும்பமே முழந்தாளிடும்போது, பகலில் வாங்கிக்கொண்ட வேலையும் அந்தச் செபத்தோடு சேர்ந்த காணிக்கையாகும். ஏலாக்குறிச்சிக்கு நேர்ச்சை வைப்பவர்கள், “தேறினால் வருகிறேன்” என்று பேரம் பேசாமல், எழுதி முடித்ததுமே நன்றி சொல்லப் போய் வரலாம்.

கடைசியாக, முடிவு வெளியாகும் நாளைப் பற்றி ஒரு வார்த்தை. அரியலூர் மாவட்டத்தில் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பிளஸ் டூவில் 1200-க்கு 1176 மதிப்பெண் பெற்ற குழுமூர் அனிதாவை, மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வை ஒட்டிய துயரத்தில், 2017 செப்டம்பர் 1 அன்று இழந்தோம். அந்தத் தேர்வின் நியாயம் பெரியவர்கள் வாதாடும் பெரிய வழக்கு. யாரையும் குறை கூற நாங்கள் இதை எழுதவில்லை. எத்தனை அறிவுள்ள பெண்ணும் ஒரு தேர்வின் முன் உடைந்து போகக்கூடும் என்பதை மறவாதிருக்கவே எழுதுகிறோம். ஆகையால், “தேறினாயா?” என்பது வீட்டின் முதல் கேள்வியாக இருக்க வேண்டாம்; “சாப்பிட்டாயா?” என்று தொடங்குவோம். மனம் தாங்காத நாளில் அம்மாவிடமோ சிஸ்டரிடமோ தோழியிடமோ வாய்விட்டுச் சொல்லுவோம். இரவு வேளையானால் 104 என்ற எண்ணில் பேச ஆள் உண்டு. பேசுவது கோழைத்தனம் அன்று.

நன்றாகக் கற்பிக்கும் ஆசிரியை கிடைப்பது குழந்தையின் உரிமை; ஆகவே தகுதியைச் சோதிப்பது தவறு என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் சோதிக்கப்படுகிறவருக்குப் படிக்க நேரமும் சாய்ந்துகொள்ளத் தோளும் இல்லையென்றால், அங்கே சோதிக்கப்படுவது அவருடைய அறிவு மட்டுமன்று. நம் வீடுகளின் அன்பும் கூடத்தான்.

பள்ளி நிர்வாகத்தாரிடமும் ஒரு விண்ணப்பம். அடுத்த முறை ஆசிரியைகள் தேர்வுக்குப் படிக்கும்போது, நூலக அறையை மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்து வைக்க வேண்டுகிறோம். நாங்கள் சத்தம் போடாமல் இருக்கிறோம். அவர்கள் எங்களுக்காக எத்தனையோ நாள் காத்திருந்தார்கள். அவர்களுக்காக ஒரு மணி நேரம் அமைதியாயிருக்க எங்களால் முடியாதா என்ன?

அடைக்கல மாதா அவர்களுக்குத் துணை நிற்பாராக. நாமும் துணை நிற்போமாக.