தீப்பெட்டிச் சிலந்திக்கு இருந்த வழிகாட்டி, பெருஞ்சிலந்திக்கு எங்கே?



டாரன்டுலா எனப்படும் பெருஞ்சிலந்தியை வளர்க்கும் ஆசை நம் மாணவர் சிலரிடம் முளைத்திருப்பதைக் காண்கிறேன். ஆசையை நான் குறை கூறவில்லை. எட்டுக்கால் உயிரொன்றை அருவருப்பின்றி உற்று நோக்கும் பிள்ளை அறிவியலுக்குக் கிடைத்த பிள்ளை. நான் கண்டிப்பது வேறொன்றை. "நல்ல மதிப்பெண் எடுத்தால் வாங்கித் தருகிறேன்" என்று அப்பா வாக்களிக்கிறார். சிறு நெகிழிப் புட்டியில் உயிர் வீடு வந்து சேர்கிறது. அதன்பின் பிள்ளைக்குக் கிடைக்கும் ஒரே பாடம், "இனி நீயே பார்த்துக்கொள்!"

என்ன பொறுப்பற்ற சொல் இது!

முன்பெல்லாம் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சிறுவர்கள் தாவும் சிலந்தியைத் தீப்பெட்டியில் வளர்த்தார்கள். ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் இரண்டு இலைகளுக்கு நடுவே அது கூடு கட்டும் என்பதையும், பெட்டிக்குள் பச்சை இலை வைக்க வேண்டும் என்பதையும் எந்த நூலும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. அண்டை வீட்டு அண்ணன் கற்பித்தான். சிலந்திகளைச் சண்டைக்கு விட்டதை நான் ஞாயப்படுத்தவில்லை. ஆனால், தெரிந்தவன் தெரியாதவனின் பக்கத்தில் நின்றான். இன்று உயிர் பெரிதாகிவிட்டது; அண்ணனைக் காணோம்.

வழிகாட்டி இல்லாவிட்டால் என்ன நேரும்? பெருஞ்சிலந்தி தோலுரிக்கும்போது கால்களை மேலே தூக்கி மல்லாந்து கிடக்கும். செத்துவிட்டதென எண்ணிப் புரட்டிப் போடுவோர் உண்டு. தூக்கி எறிந்தோரும் உண்டு. உரித்து முடித்த பின் அதன் நச்சுப்பற்கள் சில நாள்கள் மென்மையாகவே இருக்கும். அப்போது இரையாகப் போட்ட சிள்வண்டே அதனைக் கடித்துக் கொன்றுவிடலாம். அனுபவசாலி ஒருவர் அருகில் இருந்தால், "தொடாதே, இரையை எடுத்துவிடு, தண்ணீர் மட்டும் வை" என்று மூன்றே சொற்றொடரில் ஓர் உயிரைக் காத்துவிடுவார்.

கையில் ஏற்றிப் படம் பிடிக்கும் மோகம் இன்னொன்று. இடுப்பளவு உயரத்திலிருந்து விழுந்தாலே அதன் வயிறு வெடித்துவிடக்கூடும். அமெரிக்கக் கண்டத்து இனங்கள் பல, வயிற்றிலுள்ள நுண்மயிர்களைக் காலால் உதைத்துப் பறக்கவிடும். 2009இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், தொட்டியைத் துப்புரவு செய்த ஒருவரின் கண்மணிப் படலத்தில் அம்மயிர்கள் தைத்த செய்தி மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. நம் ஆசிய இனங்களுக்கு அம்மயிர்கள் இல்லை. அவை மின்னலாய் ஓடும், கடிக்கும். சிலவற்றின் கடியால் கடுமையான தசைப்பிடிப்பு உண்டாகும். இவ்வேறுபாட்டை அறியாத பிள்ளையிடம் ஆசிய இனத்தைக் கொடுப்பது தகுமா?

மெக்சிக்கோவின் செம்முட்டிச் சிலந்தியில் பெண் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். பதினொரு வயதில் வாங்கினால், பிள்ளைக்கு முப்பது கடந்தும் அது உயிரோடிருக்கும். அவன் பல்கலைக்கழகம் போனால் யார் இரை போடுவார்? நல்ல வழிகாட்டி முதல் நாளே இதனைக் கேட்பார். விற்பவர் கேட்பாரா?

"எல்லாம்தான் இணையத்தில் இருக்கிறதே!" என்பார்கள். இருக்கிறது. ஆனால், எதைக் கேட்பது என்றே அறியாதவன் எதைத் தேடுவான்? நீச்சலைப் படம் பார்த்துக் கற்றுக்கொள் என்று பிள்ளையைக் குளத்தில் தள்ளுவோமா?

"சனியனை வீட்டுக்குள் விடாதே" என்று விரட்டுவதும் தீர்வாகாது. விரட்டினால் அது கட்டிலுக்கடியில் ஒளிந்து வளரும். அனுபவசாலிகள் சிலரோ, "இதுகூடத் தெரியாதா?" என்று தொடக்கநிலையாளரை எள்ளுகிறார்கள். ஒருமுறை எள்ளப்பட்ட மாணவன் மறுமுறை வாய் திறக்கமாட்டான் என்பது வகுப்பறையில் நின்ற எவருக்கும் தெரியும். அவன் கேட்காத கேள்விக்கு அந்தச் சிலந்தி உயிரைக் கொடுக்கும்.

இதில் காட்டின் கதையும் உண்டு. ஆந்திரத்தின் கிழக்குத் தொடர்ச்சி மலைக் காட்டில், மிகச் சிறிய பரப்பில் மட்டுமே வாழும் நீலநிறப் பெருஞ்சிலந்தி இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் அதன் பேரினம் முழுவதையும் 2019இல் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். "இது வளர்ப்பகத்தில் பிறந்ததா, காட்டில் பிடித்ததா?" என்று கேட்கப் பிள்ளைக்கு யார் கற்றுத் தருவது?

ஆகவே என் வேண்டுகோள் இதுதான்:

1. முதலில் சட்டம். சிங்கப்பூரில் பெருஞ்சிலந்தி வளர்க்க அனுமதியில்லை. அங்கே பேச்சு அத்தோடு முடிந்தது. மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. குறித்த இனத்தைப் பற்றிப் பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே வாங்க எண்ணுங்கள்.

2. வாங்குவதற்கு முன் ஆறு மாதப் பயிற்சி. வீட்டுச் சுவரில் திரியும் தாவும் சிலந்தியைக் கவனித்துக் குறிப்பெழுதட்டும். அந்தப் பொறுமை இல்லாதவனுக்குப் பெருஞ்சிலந்தி வேண்டாம்.

3. வழிகாட்டி, குடும்பத்துக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும். சந்திப்பு பெற்றோர் முன்னிலையிலேயே நடக்கட்டும். முதல் தோலுரிப்பு முடியும்வரை அவர் துணை நிற்கட்டும்.

4. ஆசிரியர்களே, அறிவியல் கழகத்தில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சிலந்தியைக் கொண்டுவர வேண்டாம், அனுபவசாலியைக் கொண்டுவாருங்கள்.

உயிரை விலைகொடுத்து வாங்கிவிடலாம். அதைக் காக்கும் அறிவை இன்னொரு மனிதரிடமிருந்துதான் பெற வேண்டும். அந்த மனிதரைத் தேடித் தர இயலாத பெற்றோர், அந்த உயிரையும் வாங்கித் தர வேண்டாம்.

சிந்திப்போம், செயல்படுவோம்.