இண்டூர் வேறு, இந்தூர் வேறு!

தர்மபுரியில் இருந்து பென்னாகரம் போகும் வழியில் இண்டூர் என்ற ஊர் இருக்கிறது.

மத்தியப் பிரதேசத்தில் இந்தூர் என்று ஒரு பெரிய நகரம் இருக்கிறது. தெலுங்கானாவில் நிஜாமாபாத் என்ற நகரம் உண்டு. அதன் பழைய பெயரும் இந்தூர்தான்!

தமிழில் எழுதினால் ஒன்றிரண்டு எழுத்துத்தான் வித்தியாசம். ஆங்கில எழுத்தில் எழுதினால் 'ண்', 'ந்' என்ற வித்தியாசமும் போய்விடும்.

இண்டூர்க்காரர் ஒருவர் தம் ஊரைப் பற்றி இன்டர்நெட்டில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "எங்கள் ஊர்" என்று தலைப்புப் போடுகிறார். அழகாகத்தான் எழுதுகிறார். ஆனால் படிக்க யாரும் வரவில்லை. ஏன்?

எந்த ஊர், எந்த மாவட்டம் என்று அவர் சொல்லவே இல்லை. தேடுகிறவர்களுக்கு அவர் வீட்டு வாசல் தெரியவில்லை!

தேடும் எந்திரம்

இன்று எது வேண்டுமானாலும் மக்கள் செல்போனை எடுத்துத் தேடுகிறார்கள். கூகுளில் மட்டும் தினமும் பல நூறு கோடி தேடல்கள் நடக்கின்றன.

இந்தக் கூகுளைத் தொடங்கியவர்கள் இரண்டு மாணவர்கள். ஒருவர் லாரி பேஜ். மற்றவர் செர்ஜி பிரின். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். 1998-ல் கம்பெனி தொடங்கினார்கள்.

அவர்கள் செய்த புதுமை என்ன?

நம் ஊரில் மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? மாப்பிள்ளை தன்னைப் பற்றி என்ன சொல்கிறான் என்பதோடு நிறுத்திக்கொள்வதில்லை. அக்கம்பக்கத்தில் நாலு பேரை விசாரிக்கிறார்கள். அந்த நாலு பேரில் மதிப்பு உள்ள ஒருவர் "நல்ல பையன்" என்று சொன்னால், அந்த வார்த்தைக்குத் தனி எடை உண்டு.

பேஜும் பிரினும் அதையே செய்தார்கள். ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டிக் காட்டுகின்றன? சுட்டிக் காட்டுகிற பக்கங்களுக்கு என்ன மதிப்பு? இதைக் கணக்குப் பார்த்து வரிசைப்படுத்தினார்கள். இன்று வேறு பல கணக்குகளும் சேர்ந்துவிட்டன. ஆனால் அந்தக் கணக்கும் இன்னும் இருக்கிறது.

அந்த வரிசையில் தம் எழுத்து முன்னால் வரும்படி செய்கிற வேலைக்கு ஆங்கிலத்தில் 'எஸ்.இ.ஓ.' என்று பெயர். தேடுகிறவர் கண்ணில் படும்படி எழுதுவது என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும்.

இதை ஏமாற்று வித்தை என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி நினைப்பது தவறு. தெரிந்தவர்கள் இதைக் கற்றுக்கொள்ளாவிட்டால், தெரியாதவர்கள் முதல் இடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் வரும் நஷ்டம் கொஞ்சநஞ்சம் அல்ல!

பல்லில் கறை

தர்மபுரி மாவட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

இந்த மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு என்ற உப்பு அதிகம். ஒரு லிட்டர் குடிநீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதற்கு மேல் உள்ள தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் பிள்ளைகளின் பல்லில் கறை விழும். அளவு மிக அதிகமானால் எலும்பும் பாதிக்கப்படும். இதைத் தடுக்கத்தான் ஜப்பானியக் கடன் உதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-ல் அது தொடங்கி வைக்கப்பட்டது.

ஒரு தாய் தன் பிள்ளையின் பல்லைப் பார்க்கிறாள். மஞ்சள் கறை! பயந்து போகிறாள். செல்போனை எடுக்கிறாள். என்ன என்று தேடுவாள்?

"பிள்ளை பல்லில் மஞ்சள் கறை" என்று தேடுவாள்.

அதே விஷயத்தை ஒரு பல் டாக்டர் எழுதுகிறார். என்ன தலைப்புப் போடுவார்? "புளோரோசிஸ்: காரணங்களும் தடுப்பு முறைகளும்" என்று போடுவார்.

தாய் தேடிய சொல் ஒன்றுகூட டாக்டரின் தலைப்பில் இல்லை. கட்டுரைக்குள்ளும் இல்லாவிட்டால், இருவரும் சந்திப்பது கடினம்.

அந்த இடத்தில் வேறு ஒருவர் வந்து நிற்கிறார். "தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், கறை போய்விடும்" என்று எழுதி வைக்கிறார். இது தவறு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். புளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய, மிச்சம் உள்ள நீரில் அதன் அளவு கூடத்தான் செய்யும்!

உண்மை தெரிந்தவர் எழுதியது உள்ளே கிடக்கிறது. தெரியாதவர் எழுதியது முதலில் வருகிறது. அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது. இது யார் குற்றம்? தேடிய தாயின் குற்றம் அல்ல. அவள் பேசும் சொல்லில் எழுதாதவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

மக்கள் சொல்லே மந்திரச் சொல்

ஆகவே முதல் பாடம் இதுதான். படிக்கிறவர் எந்தச் சொல்லால் தேடுவாரோ, அந்தச் சொல்லில் எழுத வேண்டும்.

சர்க்கார் ஏட்டில் 'தருமபுரி' என்று இருக்கிறது. மக்கள் பலர் 'தர்மபுரி' என்று எழுதுகிறார்கள். 'ஒகேனக்கல்' என்பார் ஒருவர். 'ஒகனேக்கல்' என்பார் இன்னொருவர். ஓர் ஊரில் 'ராகி', இன்னோர் ஊரில் 'கேழ்வரகு', தெற்கே போனால் 'கேப்பை'. தானியம் ஒன்றுதான்!

களி கிண்டுவது எப்படி என்று எழுதுகிறவர், இந்தப் பெயர்களையும் இடம் பார்த்துச் சேர்த்தால் எந்த ஊர்க்காரரும் வந்து சேர்வார். இடம் பார்த்து என்பது முக்கியம். ஒரே சொல்லை ஐம்பது தடவை திணித்தால் படிக்கிறவருக்கும் அலுப்பு. எந்திரமும் மோசடி என்று தள்ளிவிடும்.

தலைப்பு கடைப் பலகை மாதிரி. உள்ளே என்ன இருக்கிறது என்று பலகை சொல்ல வேண்டும். "ஓர் இனிய மாலைப் பொழுது" என்ற பலகையைப் பார்த்து யாரும் புளி வாங்க வரமாட்டார்கள்!

கேள்விக்குப் பதிலை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். தேதி போட வேண்டும். விவரம் மாறினால் பழைய கட்டுரையைத் திருத்த வேண்டும். ஒரு கட்டுரையில் இருந்து தொடர்புள்ள மற்றக் கட்டுரைக்கு வழி காட்ட வேண்டும். எந்தச் சொல்லைத் தேடி எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்ட 'சர்ச் கன்சோல்' என்ற கருவியைக் கூகுளே இலவசமாகத் தருகிறது. இதற்கெல்லாம் காலணாச் செலவு இல்லை.

ஒரு நாள் கூட்டம்

தமிழில் வலைப்பூ எழுதியவர்களுக்கு ஒரு பழைய அனுபவம் உண்டு.

2004-ல் 'தமிழ்மணம்' என்ற திரட்டி வந்தது. யார் புதிதாக எழுதினாலும் அதன் முகப்பில் தெரியும். உடனே கூட்டம் வரும். ஆனால் அடுத்தடுத்துப் புதிய கட்டுரைகள் வரும்போது பழையது கீழே இறங்கிவிடும். கூட்டமும் கலைந்துவிடும்.

இன்று வாட்ஸ்அப்பில் நடப்பதும் அதுதான். காலையில் போட்ட செய்தி மாலையில் எங்கே என்று தெரியாது. அது திருவிழாக் கூட்டம். வரும், போகும். தேடி வருகிறவர் அப்படி அல்ல. அவர் தேவை இருந்து வருகிறவர். தினமும் பத்துப் பேர் வந்தாலும் போதும். வருஷத்துக்கு 3,650 பேர்!

இதற்கு நல்ல சாட்சி 'மதுரைத் திட்டம்'. 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் என்ற தமிழர் சுவிட்சர்லாந்தில் இருந்துகொண்டு தொடங்கியது. உலகெங்கும் உள்ள தமிழர்கள் சம்பளம் வாங்காமல் தமிழ் நூல்களை எழுத்து எழுத்தாகத் தட்டித் தந்தார்கள். இன்றும் மாணவர்கள் தேடி அங்கே போகிறார்கள்.

அதிலும் ஒரு பாடம் உண்டு. அந்தக் காலத்தில் தமிழுக்குப் பல தனித்தனி எழுத்துருக்கள் இருந்தன. திரையில் 'அம்மா' என்று தெரியும். எந்திரத்துக்கோ அது வேறு ஏதோ எழுத்துக் குவியல்! தேடினால் அகப்படாது. யூனிகோடு என்ற பொது முறை பரவிய பிறகுதான் கதவு திறந்தது. 2010-ல் தமிழக அரசும் அதை ஏற்றது. பழைய நூல்களும் அந்த முறைக்கு மாற்றப்பட்டன.

இன்று சிலர் நல்ல விஷயத்தை எழுதி, அதைப் படமாக மாற்றிப் போடுகிறார்கள். திறந்த கதவை மறுபடியும் சாத்துகிற வேலை இது! எழுத்தை எழுத்தாகவே போட வேண்டும்.

குறுக்கு வழி உண்டா?

"முதல் இடம் வாங்கித் தருகிறோம், பணம் கட்டுங்கள்" என்று சொல்லி வருகிறவர்கள் உண்டு. நம்பாதீர்கள்! முதல் இடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எச்சரித்திருக்கிறது.

குறுக்கு வழியில் போனவர்கள் கதை என்ன ஆயிற்று? சாரம் இல்லாத கட்டுரைகளைக் குவித்தவர்கள் 2011-ல் அடி வாங்கினார்கள். காசு கொடுத்து நற்சாட்சி வாங்கியவர்கள் 2012-ல் அடி வாங்கினார்கள். கூகுள் தன் கணக்கை மாற்றியது. முதலில் இருந்தவர்கள் ஒரே நாளில் பின்னுக்குப் போனார்கள்.

இன்னொரு கவலையும் நியாயமானது. 2024 முதல் இந்தியாவிலும் கூகுள் செயற்கை அறிவைக் கொண்டு தேடும் இடத்திலேயே பதிலைச் சொல்லத் தொடங்கியிருக்கிறது. பதில் அங்கேயே கிடைத்தால், எழுதியவர் வீட்டுக்கு யார் வருவார்கள்?

சிலர் வராமல் போகலாம். மறைப்பதற்கு இல்லை. ஆனால் அந்த எந்திரம் தானாக எதையும் பார்ப்பதில்லை. யாரோ எழுதியதைப் படித்துத்தான் சொல்கிறது. இண்டூரில் எந்தத் தெருக் குழாயில் என்ன தண்ணீர் வருகிறது என்பது இண்டூர்க்காரருக்குத்தான் தெரியும். அவர் எழுதாவிட்டால் எந்திரம் வேறு எதையாவது சொல்லும். எழுதினால், பதிலாவது சரியாக இருக்கும்.

பலன் உடனே வராது. மாதங்கள் ஆகும். மாங்கன்று நட்டவன் மறுநாளே கிளையைப் பார்ப்பதில்லை. தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறான்.

வீட்டில் படித்த பிள்ளை இருக்கிறதா? பாட்டியின் கைமருந்தை, தாத்தாவின் விதைக் கணக்கை, ஊர்த் தண்ணீரின் நிலையை எழுதச் சொல்லுங்கள். மருந்து, தண்ணீர் விஷயமானால் டாக்டரையோ அதிகாரியையோ கேட்டுச் சரிபார்த்து எழுதட்டும். தலைப்பில் ஊர் பெயரையும் மாவட்டத்தின் பெயரையும் மறக்காமல் போடட்டும்.

இண்டூர் வேறு, இந்தூர் வேறு என்று உலகத்துக்குச் சொல்ல வேண்டியவர்கள் இண்டூர்க்காரர்கள்தான்!