ரொட்டிக் கடைகளும் பிரதேச சபைகளின் கடமையும்
பதுளை, பசறை, லுணுகலைப் பகுதிகளில் தமிழரும் முஸ்லிம்களும் நடத்தும் ரொட்டிக் கடைகள் தோட்டத் தொழிலாளரின் பசியாற்றி வந்தவை. 2021 ஒக்டோபருக்கு முன்னர் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாக உயர்ந்தது. அப்போது தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா மட்டுமே. மண்ணெண்ணெயும் அவ்வாண்டு ஓகஸ்டில் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. கோதுமை மாவின் விலையும் ஏறியது. விறகடுப்புக்குத் திரும்பிய கடைகளில் ரொட்டி சிறுத்தது. கடன் கொப்பிகள் மூடப்பட்டன.

2018ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், தோட்டங்களிலும் பணியாற்றப் பிரதேச சபைகளுக்கு வழிதிறந்துள்ளது. குறைந்த வாடகையில் கடையறைகளையும் குடிநீரையும் வழங்க அவை முன்வர வேண்டும். சிறு கடைகள் மூடப்பட்டால் முதலில் பட்டினி கிடப்பவர் தொழிலாளரே என்பதை உறுப்பினர்கள் மறந்துவிடலாகாது.