கடைசி முந்நூறு மீட்டர்

"லாரி நம்ம தெருவுக்குள்ள வந்துச்சா இல்லையான்னு பாக்குற வேலைன்னு சொல்லேன்!"

நிவாரணப் பணி செய்யும் தொண்டு நிறுவனம் ஒன்றில் 'விநியோகச் சங்கிலிக் கண்காணிப்பு மற்றும் தரவுப் பகுப்பாய்வுப் பொறுப்பாளர்' என்ற முழநீளப் பதவியுடன் நான் சேர்ந்தபோது, அது என்ன வேலை என்று கேட்ட அம்மா, என் அரைமணி நேர விளக்கத்தை இந்த ஒரே வரியில் சுருக்கினார். அன்று சிரித்தேன். அந்த வேலையை விட்டுவிட்டு அதே துறையில் முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அம்மா சொன்ன அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நாங்கள் அளந்துகொண்டிருந்தோம்.

ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தில், வேலூரிலிருந்து ஆரணி போகும் சாலையில் இருக்கிறது கண்ணமங்கலம். அங்கிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு காலனி எங்களுடையது. ஊருக்கும் காலனிக்கும் நடுவே ஒரு ஓடை, கொஞ்சம் வயல், ஒரு களம். அளந்தால் முந்நூறு மீட்டர்தான் வரும். ரேஷன் கடை, பள்ளிக்கூடம், ஊராட்சி அலுவலகம், கிராம நிர்வாக அலுவலர் உட்காருகிற கட்டடம் எல்லாமே ஓடைக்கு அந்தப் பக்கம். தமிழ்நாட்டு வரைபடத்தில் கண்ணை மூடிக்கொண்டு எங்கே விரல் வைத்தாலும் இதே அமைப்புதான் கிடைக்கும் என்பதால் எங்கள் ஊரின் பெயர் இங்கே தேவைப்படாது.

நிவாரணப் பணிக்கு ஆகும் செலவில் 60 முதல் 80 விழுக்காடு வரை பொருளை வாங்குவது, ஏற்றுவது, சேமிப்பது, கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதற்கே போகிறது என்று இத்துறையில் சொல்வார்கள். எனவே பணம் கொடுப்பவர்கள் அதைத்தான் கண்காணிக்கச் சொல்கிறார்கள். கிடங்கிலிருந்து எத்தனை மூட்டை புறப்பட்டது, எத்தனை மணிக்கு எந்தச் சோதனைச் சாவடியைத் தாண்டியது, இறக்கிய இடத்தில் யார் கையெழுத்துப் போட்டார் என்பதெல்லாம் உண்டு. ஒரு தார்ப்பாய் கிழிந்திருந்தால்கூட அதற்கொரு கட்டம் உண்டு. எல்லாம் சேர்ந்து கணினித் திரையில் டாஷ்போர்டாக விரியும். இலக்கை எட்டிய கிராமம் பச்சை, தாமதமானது மஞ்சள், போகவே முடியாதது சிவப்பு.

அந்தப் பச்சையைத் தீட்டியவர்களில் நானும் ஒருவர். ஆகவே இது வெளியே நின்று கல்லெறிகிற கட்டுரை அல்ல.

பச்சை எப்படி உருவாகிறது? தரவில் 'கிராமம்' என்பது வருவாய்க் கிராமம். வரைபடத்தில் அதற்கு ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளி பெரும்பாலும் ஊருக்குள்தான் விழும். லாரி அங்கே போய் நின்று, கல்யாண மண்டபத்திலோ கோயில் திடலிலோ சரக்கை இறக்கி, ஊர்ப் பெரியவர் ஒருவர் சலானில் கையெழுத்திட்டதும் 'சேர்ந்தது' என்று பதிவாகிவிடும். அதாவது எங்கள் சங்கிலி முடிகிற இடத்தில்தான் சாதியின் சங்கிலி ஆரம்பிக்கிறது. உலகம் முழுக்க நிவாரணத் துறையினர் 'கடைசி மைல்' என்று ஒன்றைப் பற்றிக் கருத்தரங்கம் நடத்திக்கொண்டே இருக்கிறார்கள். நம்முடைய சிக்கலுக்கு ஒரு மைல்கூட வேண்டாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிராமத்தில் 400 குடும்பங்கள். ஊரில் 310, சேரியில் 90. ஊருக்கு இரண்டாம் நாளே அரிசியும் தார்ப்பாயும் கிடைத்துவிடுகின்றன. சேரிக்கு ஆறாம் நாள். சராசரி எவ்வளவு? 2.9 நாட்கள். நிறுவனத்தின் இலக்கு மூன்று நாட்கள் என்றால் அந்தக் கிராமம் பச்சை. நான்கு நாட்கள் கூரையில்லாமல் மழையில் கிடந்த 90 குடும்பங்களும் அந்தப் பச்சைக்குள்தான் இருக்கின்றன. யாரும் பொய்க் கணக்கு எழுதவில்லை, ஒரு மூட்டைகூடத் திருடுபோகவில்லை, தணிக்கையாளர் வந்தாலும் ஒரு குறையையும் கண்டுபிடிக்க முடியாது.

விநியோகம் முடிந்த பிறகு பயனாளிகளிடம் கருத்துக் கேட்கிறோமே, அதில் தெரிந்துவிடாதா என்பார்கள். அந்தக் கணக்கெடுப்பு எப்படி நடக்கிறது தெரியுமா? தடுப்பூசிக் கணக்கெடுப்புகள் வழியாகப் பரவிய ஒரு பழைய முறை உண்டு. கிராமத்தின் மையத்தில் நின்றுகொண்டு ஒரு பேனாவைத் தரையில் சுழற்றிவிட வேண்டும். அதன் முனை காட்டும் திசையில் நடந்து, வீடுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்குப் பெயர் சமவாய்ப்பு. ஆனால் மையம் எது? டீக்கடையும் கோயிலும் இருக்கிற ஊர் மையம். அங்கிருந்து பேனா எந்தத் திசையைக் காட்டினாலும் முதலில் வருவது ஊர்த் தெருதான். அது தப்பித்தவறி ஓடைப் பக்கம் திரும்பினாலும், தெரு முடிகிற இடத்தோடு கிராமம் முடிந்துவிட்டதாக எண்ணிக் களப்பணியாளர் திரும்பிவிடுகிறார். பேனாவுக்குச் சாதி கிடையாது, உண்மைதான்.

இதை நிறுவனக் கூட்டத்தில் ஒருமுறை சொன்னேன். நான் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை, ஊர், சேரி என்று குடியிருப்பைப் பிரித்துக் காட்ட ஒரே ஒரு கட்டம். "நாம் சாதி பார்ப்பதில்லை, தேவையை மட்டுமே பார்க்கிறோம்" என்றார் மேலதிகாரி. அவர் பெயரின் வாலில் சாதி தொங்கிக்கொண்டிருந்தது. அதை நான் சுட்டிக்காட்டவில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

இந்த 'பார்ப்பதில்லை'யின் விலை என்னவென்று நாம் 2004லேயே பார்த்துவிட்டோம். அந்த டிசம்பர் 26 அன்று சுனாமி தமிழ்நாட்டிலேயே அதிக உயிர்களைக் குடித்தது நாகப்பட்டினம் மாவட்டத்தில். அடுத்த சில நாட்களில் உலகத்தின் நிவாரண லாரிகள் எல்லாம் அந்தக் கடற்கரைக்கு வந்தன. அழுகிய பிணங்களை அப்புறப்படுத்த வெளியூர் நகராட்சிகளிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை. பிணம் எடுக்கும் வரிசையில் முதல் ஆளாக நிறுத்தப்பட்ட சமூகம், அரிசி வாங்கும் வரிசையில் கடைசி ஆளாக நிறுத்தப்பட்டது. முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதையும், யூனிசெஃப் வைத்த குடிநீர்த் தொட்டியில் அவர்கள் தண்ணீர் எடுக்கத் தடுக்கப்பட்டதையும் அன்றைய செய்திகள் பதிவு செய்தன. 2005இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பும் தலித்துகள் மீதான பாகுபாட்டைத் தன் அறிக்கையில் எழுதியது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மீனவ மக்கள் ஆதிக்கத்தில் திளைத்தவர்கள் அல்ல, அந்தப் பேரழிவில் மிக அதிகமாகச் செத்தவர்கள் அவர்கள்தான். என் கேள்வி நிவாரணத்தின் வடிவமைப்பைப் பற்றியது. படகு, வலை, கட்டுமரம் என்று இழந்த சொத்துக்கு ஈடு கொடுத்தார்கள். சொத்தே இல்லாமல் கருவாடு விற்றவர், உப்பளத்தில் கூலி வேலை செய்தவர், உப்புநீர் புகுந்து தரிசான அடுத்தவர் வயலில் நடவு நட்டவர் எல்லாம் எந்தக் கட்டத்தில் வருவார்கள்? 'பாதிக்கப்பட்டவர்' என்ற சொல்லின் இலக்கணத்திலேயே அவர்கள் இல்லை. பட்டியல் தயாரித்ததும் பங்கிட்டதும் பல இடங்களில் சாதிப் பஞ்சாயத்துகள். இருளர்களோ ரேஷன் அட்டையே இல்லாமல் நின்றார்கள்.

டிமோதி கில் என்ற ஆய்வாளர் நெதர்லாந்தின் தலித் ஆதரவு அமைப்புக்காக 2007இல் இதை ஆராய்ந்து எழுதிய அறிக்கை, 'சாதிக்குருடு' என்றே இந்தப் போக்குக்குப் பெயர் வைத்தது. சாதியைப் பார்க்க மறுத்த மறுவாழ்வுப் பணிகள் நிலைமையை மேலும் மோசமாக்கின என்பது அதன் முடிவு.

இதே சுனாமி இலங்கையில் வேறொன்றையும் பெற்றெடுத்தது. அங்குள்ள கணினி வல்லுநர்கள் தன்னார்வமாகக் கூடி 'சஹானா' என்ற இலவச மென்பொருளை எழுதினார்கள். காணாமல்போனோர், முகாம்கள், உதவி அமைப்புகள், தேவைப்படும் பொருட்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதிவுசெய்ய உதவிய அது பிறகு பல நாட்டுப் பேரிடர்களில் பயன்பட்டது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் எந்த மென்பொருளும் தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். உலக நிவாரணத் தரநிலைகளை வகுத்த 'ஸ்பியர்' கையேடு பாலினம், வயது, மாற்றுத்திறன் ஆகியவற்றால் தரவைப் பிரித்துக் காட்டச் சொல்கிறது. நியாயம். நாங்களும் அப்படியே பிரித்தோம், கர்ப்பிணிகள் எத்தனை பேர், அறுபதைக் கடந்தவர்கள் எத்தனை பேர் என்று. அந்தக் கர்ப்பிணி ஓடைக்கு எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று மட்டும் கேட்கவில்லை.

சாதியைப் பதிவு செய்தால் பிளவு வளரும் என்ற வாதத்துக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்கப் போவதில்லை. ஆனால் இன்னொரு எதிர்ப்பை மதிக்கிறேன். பட்டியல்கள் ஆபத்தானவை. 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிய கும்பல்களை மறந்துவிட முடியுமா? தனிமனிதரின் சாதியை ஒரு தொண்டு நிறுவனத்தின் கணினியில் ஏற்றுவது எனக்கும் உவப்பானதல்ல. நான் கேட்பது அது அல்ல, குடியிருப்பு. யார் வீடு என்று வேண்டாம், எந்தக் குடியிருப்பு என்று போதும். அதை நாம் புதிதாகக் கண்டுபிடிக்கவும் வேண்டியதில்லை. ஒன்றிய அரசின் ஊரகக் குடிநீர்த் திட்டத் தரவுத்தளம் குடியிருப்பு வாரியாகப் பட்டியல் சாதி, பழங்குடி, பொது என்று மக்கள்தொகையை எப்போதோ பிரித்து வைத்திருக்கிறது. குழாய் போடத் தெரிந்த கணக்கு அரிசி மூட்டை இறக்கும்போது மட்டும் ஏன் மறந்துபோகிறது?

கடந்த 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பள்ளியில் அந்தச் சொல்லால் குத்துப்பட்டு வளர்ந்த எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் தரவு பார்த்துப் பழகிய மனதுக்குள் ஒரு பயமும் இருக்கிறது. பெயர் போகட்டும். பெயரோடு சேர்த்து அந்தக் குடியிருப்பின் எல்லைக்கோடும் ஆவணத்திலிருந்து அழிந்து, எல்லாம் ஒரே கிராமம் என்று ஆகிவிட்டால்? ஓடை அப்படியே இருக்கும், ரேஷன் கடையும் அந்தப் பக்கமே இருக்கும். நமக்கு நடந்ததை நிரூபிக்கும் ஒரே சாட்சியம் மட்டும் காணாமல் போயிருக்கும்.

எங்கள் பக்கத்து மலையைப் பாருங்கள். வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் 2023 மே மாதம் பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலைத் தாய் கையில் சுமந்து நடந்தே வீடு சேர்ந்தார். சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதி வழியிலேயே இறக்கிவிட்டுப் போனது. நிவாரண மொழியில் இத்தகைய இடத்துக்கு 'அணுகுவதற்குக் கடினமான பகுதி' என்று பெயர். பழங்குடிகளின் மலைக்குச் சாலை போடாமல் விட்டதை ஏதோ புவியியல் போலப் பேசுகிற சொல் இது. சரி, மலைக்காவது ஏற்றத்தைக் காரணம் காட்டலாம். சமவெளியில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் 2019 ஆகஸ்டில் ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்களே, அங்கே எந்த மலை குறுக்கே நின்றது? குறுக்கே நின்றது வேலி போட்ட பட்டா நிலம். எந்த டாஷ்போர்டிலும் இதற்கு நிறம் கிடையாது.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு கரை கடந்தது. மறுநாள் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் விழுந்து ஏழு பேர் புதைந்து இறந்தார்கள். அந்த வாரம் நான் வீட்டில் இருந்தேன். ஓடையில் இடுப்பளவு தண்ணீர். எங்கள் தெருவில் மூன்று கூரைகள் சரிந்திருந்தன. அம்மா ரேஷன் கடைக்குப் போய்விட்டு வெறும் பையோடு திரும்பி வந்தார். கடை மூடியிருக்கிறதா என்று கேட்டேன். "தொறந்துதான் இருக்குது. ஊர்க்காரங்க வாங்கி முடிக்கட்டும், சாயங்காலம் வாங்கன்னாங்க" என்றார், எப்போதும் நடப்பதைச் சொல்கிற குரலில்.

அந்த 'சாயங்காலம்' எங்கேயாவது பதிவாகியிருக்குமா என்று அன்றிரவு யோசித்தேன். பதிவாகியிருக்கும். தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் ஒவ்வொரு அட்டைக்கும் பொருள் போடும்போது விற்பனை முனையக் கருவி நேரத்தைக் குறித்துக்கொள்கிறது. 2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் 6,000 ரூபாய் கொடுத்ததும் ரேஷன் கடை வழியாகத்தான். ஆக, யாருக்கு முதலில் கிடைத்தது, யார் கடைசி என்பது அரசின் கணினியில் நிமிட சுத்தமாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது. அட்டை எண்ணும் பெயரும் வேண்டாம். குடியிருப்பு வாரியாக அந்த நேரங்களை மட்டும் ஒவ்வொரு பேரிடருக்குப் பிறகும் வெளியிடுங்கள். தொண்டு நிறுவனங்களும் தங்கள் சலானில் கிராமத்தின் பெயருக்குப் பக்கத்தில் குடியிருப்பின் பெயரை எழுதட்டும். முதல் லாரியைச் சேரியில் நிறுத்திச் சரக்கை இறக்கட்டும், கையெழுத்தை அங்கிருக்கும் ஒரு பெண்ணிடம் வாங்கட்டும். பேனாவைச் சுழற்றுவதென்றால் எங்கள் தெருவில் நின்று சுழற்றட்டும். சர்வதேச தலித் ஒருமைப்பாட்டு வலைப்பின்னல் 2013லேயே, நிவாரணத்தில் சாதிப் பாகுபாட்டைக் கையாள்வது எப்படி என்று ஒரு வழிகாட்டியே போட்டிருக்கிறது. என் பழைய அலுவலக அலமாரியில் அதன் ஒரு பிரதி இருந்தது, மடிப்புக் கலையாமல்.

எங்கள் வட்டாரத்தின் சில ரேஷன் கடைகளில் அந்த டிசம்பரில் பொருள் வழங்கப்பட்ட நேர விவரங்களைக் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு போட்டேன். 'கோரும் வடிவில் தகவல் பராமரிக்கப்படவில்லை' என்று பதில் வந்தது. மேல்முறையீடு செய்திருக்கிறேன். அடுத்த பதில் வந்ததும் இதே பகுதியில் எழுதுகிறேன். அதற்குள் உங்கள் ஊர்களில் இதே மனுவைப் போட விரும்பும் தோழர்களுக்கு வாசகத்தை அனுப்பித் தர முடியும்.